அறுபத்தோராவது பிள்ளை

எங்கள் கடற்கரையில் பள்ளிச் சேர்க்கையும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாகவே வரும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகள் வரிசையாக நிற்கும். படகு மராமத்துக்கும் வலை வேலைக்கும் போகிறவர்கள் மட்டும்தான் ஏதோ நாலு காசு பார்ப்பார்கள். தனியார் பள்ளியில் கட்டணம் கட்டச் சொல்லித் தகவல் வருவதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். மறுநாள் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "அப்ப எல்.கே.ஜி. மொதத் தவணையக் கட்டிறலாம் டீச்சர்."

அந்தத் தாய் பேசிக்கொண்டிருந்தது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியையிடம். இலவசமாகப் பாடம் சொல்லித்தர அரசு சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கும் ஆளிடம். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. யார் பிள்ளைக்கு எந்தப் பள்ளி, எந்தப் பள்ளியில் படிப்பு நன்றாயிருக்கிறது, இது நியாயமா அது நியாயமா என்று இந்தக் கரையில் பெற்றோர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். 1985-இல் மாவட்டம் பிரிவதற்கு முன் அதுவும் ராமநாதபுரம்தான். ஆனாலும் 1990-களின் தொடக்கத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் எனக்கு மண்டபம் ஒன்றியத்தில் வேலை வந்தபோது வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்று: "தண்ணியில்லாக் காட்டுக்கா?" மேலதிகாரியை எதிர்த்துப் பேசியவர்களைத் தண்டனையாக மாற்றும் ஊர் என்று சினிமாவிலும் சந்தையிலும் பெயரெடுத்த மாவட்டம் இது. இந்தப் பேச்சுக்கும் நான் சொல்ல வரும் விஷயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் சேர்க்கைக்குச் சான்றிதழ் ஏதும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். விரல் காதை எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் அடுத்த வருஷம். பிறந்த நாள் கேட்டால், "ஏர்வாடிச் சந்தனக்கூடு முடிஞ்ச மறுவாரம்" என்று ஒருவர் சொல்வார். "வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் கொடியேத்தத்தன்னைக்கு" என்று இன்னொருவர் சொல்வார். தலைமையாசிரியர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து ஒரு மே மாதத் தேதியை எழுதிவிடுவார். இந்தக் கரையில் நடுவயதுக்காரர் பலருடைய ஆதார் அட்டையில் மே, ஜூன் மாதப் பிறந்த நாள் இருப்பது இப்படி வந்ததுதான். பிறகு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுதியே வைத்தது. மண்டபம் முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழர் பிள்ளைகளைச் சேர்க்கும்போது அந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய துணை.

அன்று சண்டை, இடம் கிடைப்பதைப் பற்றியதாக இல்லை. ஊருக்கு ஒரே பள்ளி. படகுக்காரர் மகனும் அந்தப் படகில் கூலிக்குப் போகிறவர் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். யாரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதில்தான் நியாயம் பேசப்பட்டது. ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்ததை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். புதிதாக வந்த ஆசிரியர், முன் வரிசையில் கோயில் குருக்களின் மகனோடு உட்கார்ந்திருந்த அவரைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். குருக்களின் மகன் அழுதுகொண்டே வீட்டில் போய்ச் சொல்ல, அவனுடைய தந்தை லட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பிக் கண்டித்தார். அந்த ஆசிரியரும் திருந்தினார்.

இதை மத நல்லிணக்கப் பாடமாகத்தான் மேடைகளில் சொல்வார்கள். பள்ளி நடத்தியவளாக எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஊரில் பெரிய மனிதரான குருக்களின் மகனும் அதே பள்ளியில் படித்ததால்தான் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்க ஆள் இருந்தது. செல்வாக்குள்ளவரின் பிள்ளை பள்ளியில் இருக்கும்வரை பள்ளிக்கு வெளியே ஒரு கண்காணிப்பு இருக்கும். அந்தப் பிள்ளை தனியார் பள்ளி வேனில் ஏறிப் போன நாளிலிருந்து எங்கள் பள்ளிகளைக் கேட்க ஆள் இல்லை.

வேன்கள் எங்கள் ஊருக்குள் வந்தது 2000-க்குப் பிறகு. முதலில் இரால் வியாபாரி வீட்டுப் பிள்ளை போனது. பிறகு விசைப்படகு உரிமையாளர்கள், பிறகு வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகள். கோடை விடுமுறையில் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போவது எங்கள் வேலை. முன்பெல்லாம் "இந்தா டீச்சர் கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுப்பார்கள். பிறகு பெண்கள் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து நேர்காணல் நடத்த ஆரம்பித்தார்கள். "அங்க இங்கிலீசுல பேசுறாகளாம், நீங்க பேசுவீகளா?" "டை, ஷூ உண்டா?" "பாயில உக்காந்து அட்டைய வச்சு வெளாடிட்டே இருக்குதுகளே, எப்பப் பாடம் நடத்துவீக?" அந்த அட்டைதான் 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல். அதில் பிள்ளைகள் உண்மையிலேயே படித்தார்கள். ஆனால் பாட்டி, தாத்தா காலத்திலிருந்து "படிப்பு" என்றால் கூட்டமாகக் கத்திச் சொல்வது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. 2010-இல் சமச்சீர் கல்வி முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்து, வழக்குகளைக் கடந்து 2011-இல் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. மெட்ரிக் பள்ளிக்கும் எங்கள் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். "பாடம் ஒண்ணுதான் டீச்சர், பள்ளிக்கூடம் ஒண்ணா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பிறகு வந்தது இருபத்தைந்து விழுக்காடு. ஊரில் இதற்கு "ஆர்.டி.இ. சீட்டு" என்றுதான் பெயர். அதே கல்வி உரிமைச் சட்டம்தான் (ஆர்.டி.இ.). 2009-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுக்கச் சொல்கிறது. எல்.கே.ஜி.யில் 40 இடம் இருந்தால் 10 இடம். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். விண்ணப்பம் இடங்களைவிட அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். தேர்வு, நேர்காணல், நன்கொடை எதுவும் கூடாது.

குலுக்கலில் கள்ளத்தனம் இருக்காது, யாருக்கு விழுகிறதோ அது அவர்கள் அதிர்ஷ்டம் என்று பெற்றோர் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். குலுக்கலுக்கு யார் வந்து நிற்கலாம் என்பதில்தான் அவர்கள் சண்டை போட்டார்கள். என் பள்ளித் திண்ணையில் ஒரு மே மாதம் நடந்த வாக்குவாதம் இது. ஒருவர் பாசி எடுக்கப் போகும் பெண். முகத்துக்குக் கண்ணாடி போட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி பறிப்பவர். இன்னொருவரின் கணவருக்குச் சொந்தமாக விசைப்படகு இருந்தது. இருவர் பிள்ளைக்கும் ஒரே பள்ளியில் விண்ணப்பம்.

"உனக்கு போட்டு இருக்கு, உம்புள்ளைக்கு எதுக்குத்தா எலவச சீட்டு?"

"போட்டு இருந்தா? அதுமேல இருக்க கடன் உனக்குத் தெரியுமாக்கா? சட்டத்துல எங்களுக்கும் இடம் இருக்கு, ஆன்லைன்ல ஏத்துக்கிட்டான்ல!"

படகுக்காரர் மனைவி சொன்னது சட்டப்படி சரி. தமிழ்நாட்டில் வாய்ப்பு மறுக்கப்பட்டோர் என்ற பிரிவில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரோடு பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் உண்டு. சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு கிடையாது. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற நிபந்தனை நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்குத்தான். எங்கள் கரையில் யார் பிற்படுத்தப்பட்டவர் இல்லை? படகு வைத்திருப்பவரும் அதில் ஏறிப் போகிறவரும் பெரும்பாலும் ஒரே சமுதாயம். ஆகவே இருவர் பெயரும் ஒரே பெட்டிக்குள் போகும். எந்தத் திசையில் குலுக்கினாலும் அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. இ-சேவை மையத்துக்கு நாலு தடவை நடந்து, சான்றிதழை நேரத்தில் வாங்கி, கடைசித் தேதிக்குள் ஏற்றிவிடுகிற ஆற்றல் உள்ள வீடுகள்தான் பெட்டிக்கே வந்து சேர்கின்றன. கடலுக்குள் பாசி எடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்குக் கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி மாலையில்தான் தெரியும்.

இரண்டாவது சண்டை தூரத்தைப் பற்றியது. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை போன்ற ஊர்களில் இதற்குப் பொருள் உண்டு. தனுஷ்கோடிப் பாதையிலும் சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துக் கடலோரக் குப்பங்களிலும் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும் ஒரு கிலோமீட்டருக்குள் எந்தத் தனியார் பள்ளி இருக்கிறது? அங்கே சுற்றிலும் சீமைக்கருவேலந்தான். வேன் அங்கே வரும், ஆனால் பணம் கட்டுகிற பிள்ளைக்காக வரும். நகரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியில் ரேஷன் அட்டையை மாற்றி விண்ணப்பித்த குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அதைக் குற்றம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, எந்தப் பள்ளிகள் இந்தக் கணக்கில் வரும் என்பது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த 25 விழுக்காட்டை உறுதி செய்தபோதே அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளும் இந்தச் சட்டத்துக்கே வெளியே போயின. மற்ற மாவட்டங்களில் இது ஓர் அடிக்குறிப்பு. எங்கள் கரையிலோ நல்ல பெயருள்ள பள்ளிகளில் பல திருச்சபைகளும் இஸ்லாமிய அறக்கட்டளைகளும் நடத்துபவை. அரசு எட்டிப் பார்க்காத காலத்தில் இந்தக் கரைக்கு எழுத்தைக் கொண்டுவந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் பெயரால் இன்றும் நிற்கும் பள்ளியின் தொடக்கம் 1780-களுக்குப் போகிறது. கலாம் உயர்நிலைப் படிப்புக்கு வந்ததும் அங்கேதான். ஆனால் பெற்றோர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நல்ல பள்ளிக்கூடத்த எல்லாம் காணமே டீச்சர்?" என்று கேட்பார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த 2014 தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதே தீர்ப்பு, பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று சொன்னதால் எங்கள் ஆட்கள் அந்தப் பாதியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். பெற்றோருக்கு முக்கியமான பாதி பேச்சில்லாமலே போயிற்று.

நான்காவது, இலவசம் என்பது எதுவரை. கட்டணத்தைத்தான் அரசு ஏற்கிறது. வேன், சீருடை, ஆண்டு விழா, "ஆக்டிவிட்டி" என்று வேறு பெயர்களில் வருவதைப் பெற்றோர்தான் கட்ட வேண்டியிருக்கிறது. சீட்டுக் கிடைத்தும் இரண்டாம் வருஷமே பிள்ளையைத் திரும்ப எங்களிடம் கூட்டி வந்த வீடுகள் உண்டு.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கு. இது பெற்றோருக்குத் தெரியாது, தெரிந்தாக வேண்டும்.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். குறைந்தால் ஒருவர் "உபரி". பணிநிரவல் என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பள்ளியின் எண்ணிக்கை அறுபதை ஒட்டியே ஏறி இறங்கும். ஜூன், ஜூலை மாதங்களில் நாங்கள் ஊர்வலம் போவதும், தட்டி பிடிப்பதும், சேர்ந்த பிள்ளைக்கு மாலை போடுவதும் பிள்ளைகள்மேல் உள்ள அன்பினால் மட்டும் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அறுபத்தோராவது பிள்ளை எங்களுக்கு ஓர் ஆசிரியர்.

இதைத் திருப்பிப் பாருங்கள். குலுக்கலில் சீட்டு விழுந்து ஒரு பிள்ளை போகிறது. அந்தப் பிள்ளைக்கு நல்லது நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 1 அன்று எங்கள் எண்ணிக்கை 60. மூன்றாவது ஆசிரியர் போனார். மீதி அறுபது பிள்ளைகளும் ஐந்து வகுப்புகளாக இரண்டு ஆசிரியர்களிடம் உட்கார்ந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ, வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போகும் நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். அவர் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவையும் ஏற்ற வேண்டும். காலை உணவுத் திட்டத்து உப்புமா வெந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

கேட்டு வந்த பெற்றோருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். என் எண்ணிக்கை குறையும் என்று தெரிந்தேதான் செய்தேன். ஒரு தாய் தன் பிள்ளைக்கு நல்லதென்று நினைப்பதை, என் பள்ளியின் மூன்றாவது பணியிடத்துக்காகத் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அப்படிப் போன குடும்பங்களைப் பார்த்தால், ஊரில் வாய் உள்ளவர்கள், படிவம் படிக்கத் தெரிந்தவர்கள், "ஏன் டீச்சர் வரல?" என்று கேட்கக் கூடியவர்கள் அவர்கள்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கேள்வி கேட்கிறவர்களெல்லாம் வேன் பின்னால் போன பிறகு குழுக் கூட்டத்தில் கையெழுத்துதான் மிச்சம்.

போனவர்கள் திரும்பி வருவதும் உண்டு. கடலில் படகைப் பிடித்துக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் அடைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த வாரத்தில், நடு வருஷத்தில், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். மாற்றுச் சான்றிதழ் இருக்காது, பாக்கி கட்டாததால் பழைய பள்ளியில் நிறுத்தி வைத்திருப்பார்கள். டி.சி. இல்லாமலும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூலுக்கான கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கொரோனா காலத்திலும் இப்படித்தான் வந்தார்கள். 2020, 2021-இல் எங்கள் வகுப்புகள் நிறைந்தன, கடலும் கடையும் திறந்த பிறகு பாதிப் பேர் திரும்பப் போனார்கள்.

அப்படி வந்த பிள்ளைகளிடம்தான் தரம் என்றால் என்ன என்று நான் தெளிந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆங்கிலப் பாட்டு மூன்றைக் கை ஆட்டிக்கொண்டு பிசகில்லாமல் சொன்னான். கரும்பலகையில் "படகு" என்று எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினாலும் தெரியவில்லை. அதே மாதம் என் பள்ளியில் வருஷக் கணக்காகப் படித்த இன்னொரு பிள்ளைக்கும் அதே சொல்லைக் காட்டினேன். அவளும் தடுமாறினாள். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றே: முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அவர்கள் அருகில் உட்கார்ந்து எழுத்தைச் சொல்லித்தர, தொடர்ந்து ஒரே ஆள் இருந்ததில்லை. அங்கே குறைந்த சம்பளத்துக்கு வந்த "மிஸ்" ஒவ்வொரு வருஷமும் மாறினார்கள். இங்கே ஆசிரியர்கள் கலந்தாய்வில் மாறினார்கள்.

தண்ணியில்லாக் காடு என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே முதல் பணியிடம் கிடைத்து வரும் இளம் ஆசிரியர்கள் நன்றாகத்தான் பாடம் நடத்துவார்கள். பொதுமாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்தில் ஓரிடம் தெரிந்த அன்றே போய்விடுவார்கள். அவர்கள்மேல் கோபப்பட முடியாது, அவர்களுக்கும் வீடு, வயதான பெற்றோர் உண்டு. ஆனால் முதல் வகுப்புப் பிள்ளை ஒரு குரலுக்கு, ஒரு கையெழுத்துக்குப் பழகும் நேரத்தில் அந்த ஆள் போய்விடுகிறார். இந்த மாவட்டத்துக்குப் படிப்பு வராது என்று யாரும் சொல்ல முடியாது. 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நாடு முழுவதும் எடுத்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் இருந்தன. மறு வருஷம், 2019-இல், பத்தாம் வகுப்புத் தேர்வில் இதே ராமநாதபுரம் 98.48 விழுக்காடு தேர்ச்சியோடு மாநிலத்தில் இரண்டாம் இடம் பிடித்தது. மேல் வகுப்பில் காட்டும் அக்கறையில் கால்பங்கை முதல் வகுப்புக்குக் காட்டியிருந்தால் என் மாணவி "படகு" என்ற சொல்லில் நின்றிருக்க மாட்டாள்.

நல்லது ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து எழுத்தையும் எண்ணையும் பிடித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிகாலை துறைமுகத்துக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் நேரத்துக்கு வந்தார்கள். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகு, தகப்பன்மார் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று திட்டம் போட்டார்கள். ஆர்.டி.இ. சீட்டில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தாலும் அந்த ஒதுக்கீடு உண்டு என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கிலும் ஒன்று முதல் ஐந்து வரை எங்கே என்ற கேள்விக்கு விடை வேன்தான்.

2025-இல் வேறொரு கூத்து நடந்தது. தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான இழுபறியில் மத்திய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைக்க, மே மாதம் தொடங்க வேண்டிய ஆர்.டி.இ. சேர்க்கை தமிழ்நாட்டில் தொடங்கவே இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போய், நிதியில் ஒரு பகுதி வந்து, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அப்போது தனியார் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி முறை வகுத்தார்கள். ஜூன் மாதம், தடைக்காலம் முடியும் முன்பே, பணம் கட்டிச் சேர முடிந்தவர்களுக்குத்தான் அக்டோபரில் இலவசம். அந்தப் பாசி எடுக்கும் பெண்ணைப் போன்றவர்கள் ஜூனிலேயே கணக்கிலிருந்து வெளியே.

செல்வாக்குள்ளவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகளும் நடந்ததுண்டு. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2011-இல் ஈரோடு மாவட்ட ஆட்சியர் தானாகவே தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தார். பத்திரிகைகள் பாராட்டின. லட்சுமண சாஸ்திரிகளின் இடத்தில் ஒருவரை மறுபடி நிறுத்தும் முயற்சிகளாகத்தான் இரண்டையும் நான் பார்க்கிறேன். தனி மனிதரின் நல்ல மனத்தால் ஒரு பள்ளிக்கு நடக்கலாம். மாநிலம் முழுவதும் நடக்க விதிதான் மாற வேண்டும்.

எந்த விதி என்பதை ஒரு மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பாசி எடுக்கும் பெண்ணே சொன்னார். பிள்ளைக்குச் சீட்டு விழாமல் எங்களிடமே சேர்த்திருந்தார். மூன்றாவது ஆசிரியர் ஏன் போனார் என்று நான் 60, 61 கணக்கை விளக்கினேன். கேட்டுவிட்டு, "அஞ்சு வகுப்புக்கு அஞ்சு டீச்சரப் போட்டா நாங்க எதுக்குக் குலுக்கலுக்குப் போய் நிக்கிறோம்?" என்றார். அதையே தீர்மானமாக எழுதி, கிராம சபையிலும் வைத்து அனுப்பினோம். "பன்னிரண்டு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரா?" என்று ஓர் அலுவலர் சிரித்தார். பன்னிரண்டோ இருபதோ, நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு முடியும்வரை முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக்காகக் காத்திருக்க முடியாது என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகும் மே மாதத்தில் பெற்றோர் என்னைத் தேடி வருகிறார்கள். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்பவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுவரச் சொல்கிறேன். முதல் வகுப்புக்கு யார் ஆசிரியர்? அவர் எத்தனை வருஷமாக இருக்கிறார்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை எதிரில் வைத்த புதுப் பக்கத்தை வாசிக்கிறதா? அரசுப் பள்ளியானாலும் கட்டணப் பள்ளியானாலும் இந்த மூன்றும்தான் தரம். ஆர்.டி.இ. சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்றால், தாராளமாகப் போடுங்கள், உரிமைதானே என்பேன். ஒருவர் பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் இடம் வாங்கித்தரப் பணம் கொடுக்கும் அரசு, மீதி அறுபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைக் கூடுதலாகத் தர இன்னொரு பிள்ளையைக் கேட்கிறது. குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்று பார்ப்பதற்கு முன், சீட்டு விழாத பிள்ளைகள் எந்த வகுப்பில் போய் உட்காருகிறார்கள், அந்த வகுப்பில் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். சேர்க்கையின் நியாயத்தை அளக்க வேண்டிய இடம் அதுதான்.